காது கேளாத குட்டிக்கும் ஒரு வீடு

கேள்வி: காப்பகத்து நாய்களுக்கு வீடு தேடித்தர ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, மடவார் வளாகம்

பதில்: உங்கள் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் வெள்ளை நாயிடமிருந்தே தொடங்குங்கள். 2005-ல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த இனம். ஆனால் தூவெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றைக் கேட்டு யாரும் எளிதில் வருவதில்லை. குட்டி பார்க்காதபோது சற்றுத் தள்ளி நின்று கைதட்டுங்கள். காது அசைகிறதா? இல்லையென்றால், வளர்க்க வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கைச்சைகைக்கு அது அருமையாகப் பழகும். சுற்றுச்சுவர் இருக்கிறதா, ஓட இடம் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டுக்கு இந்த வேட்டை நாயைக் கொடுக்கவே வேண்டாம் என்பேன். வெறிநோய்த் தடுப்பூசி போட்டே அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போய் விசாரியுங்கள்.