நாட்றாம்பாளையத்துத் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. ஊர் நாட்றாம்பாளையம், வேலை ஓசூர் சிப்காட்டில் தர ஆய்வுப் பிரிவு, படிப்பு பி.எஸ்சி. இயற்பியல், மனசெல்லாம் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம். மைக்ரோமீட்டர் பிடித்தே காலம் வீணாகிறது என்று புலம்பியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

ஆதித்யாவின் முதன்மைக் கருவியான விஇஎல்சி உருவானது உனக்கு வெகு அருகில்தான்: ஹொசகோட்டேயில், இந்திய வானியற்பியல் நிறுவன வளாகத்தில். அது பார்க்க வேண்டிய, சூரியனின் வெளிமண்டலமான கரோனாவுக்கு, சூரிய வட்டின் பிரகாசத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அதனால் இரண்டாவது ஆடியின் நடுவே ஒரு துளை வைத்தார்கள். வட்டின் ஒளி அந்த வழியே போய்விடும். சுற்றியுள்ள மங்கலான ஒளி மட்டும் கருவிக்குள் திரும்பும். ஆனால் முதல் ஆடியில் முழு வெயிலும் விழுந்தே தீரும். அங்கே தூசி படிந்தால், சிதறுகிற ஒளி கரோனாவை விழுங்கிவிடும். ஆகவே கருவியைக் கோத்த அறையில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் துகள்கள் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

இப்போது உன் மேசையைப் பார். சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் அளவு தப்பிய பாகத்தை 'ரிஜெக்ட்' என்று எழுதுகிறாயே, கருவி கட்டுபவனுக்கு முதலில் வேண்டியது அந்தப் பிடிவாதம். கணக்கைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

விஇஎல்சிக்குப் பின்னால் இருக்கும் வானியலாளர் ஜகதேவ் சிங்கின் கதை தெரியுமா? மூத்த வானியலாளர் வைணு பாப்பு ஊக்குவிக்க, 1980 பிப்ரவரி 16 முழுச் சூரிய கிரகணத்தை ஆராயப் போனவர். 2010 வரை பத்துப் பயணங்கள். ஒவ்வொன்றிலும் கரோனா தெரிந்தது சில நிமிடங்களே. மேகம் வந்தால் அதுவும் இல்லை. நாள் முழுக்கப் பார்க்க வழியில்லையா என்ற ஏக்கத்தில்தான் விண்வெளிக் கருவியைக் கேட்டு நடந்தார். முதலில் 800 கி.மீ. உயரத்துக்குத் திட்டமிட்டது, பின்னர் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவுக்கு மாறியது. 2024 ஜனவரி 6-ல் ஆதித்யா அங்கே சேர்ந்தது. ஏவுதளத்தில் கைதட்டியதைத்தான் நம் தொலைக்காட்சிகள் காட்டின; அந்த நாற்பத்து நான்கு வருடங்களை யார் காட்டினார்கள்?

அரசுப் பள்ளியில் படித்ததைக் குறையாகச் சொல்லாதே. ஆதித்யாவின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளி மாணவி.

வழிகாட்டியைத் தேடும்போது அவர் பெற்ற விருதுகளை எண்ணாதே. மாணவர்களைக் கருவியில் கை வைக்க விடுகிறாரா, தவறான அளவீட்டைக் கொண்டுபோனால் உட்கார வைத்துக் காரணம் கேட்கிறாரா என்று அவருடைய மாணவர்களிடமே விசாரி. பாப்பு ஜகதேவ் சிங்கைக் களத்துக்கே அனுப்பியதால்தான் மேலே சொன்ன கதையே நடந்தது.

வேலையை இப்போதே விடாதே. எம்.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பம் போடு. முனைவர் படிப்புக்கு ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும், பழைய வினாத்தாள்களை இன்றிரவே எடு. சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்