ஆகாயக் கழிப்பறை: வீண் அச்சங்களும் மெய்யான அபாயமும்

சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் ரயிலேறிப் பழகிய நம் ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்து ஜனங்களில் பலர், பிள்ளைகளின் உத்தியோக நிமித்தம் இப்போது மதுரையிலும் வாகைக்குளத்திலும் ஆகாய விமானம் ஏறுகிறார்கள். விமானத்தின் கழிவுகள் நடுவானத்தில் திறந்துவிடப்படுகின்றன என்ற நம்பிக்கை அவர்களுடைய மனத்தில் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. தண்டவாளத்தின் மீதே யாவற்றையும் கொட்டிச் சென்ற பழைய ரயில் பெட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கண்களல்லவா அவை! ஆயினும் அது உண்மையன்று. கழிவுத் தொட்டியைத் திறக்கும் அடைப்பு, விமானத்தின் வெளிப்புறத்தில், தரையில் நிற்கும் ஊழியரின் கைக்கே எட்டும்படி அமைந்திருக்கிறது. விமானி விரும்பினாலும் பறக்கும்போது அதைத் திறக்க வழியில்லை.

அப்படியானால் வானத்திலிருந்து கழிவு விழுந்ததாக வந்த செய்திகள் பொய்யோ என்றால், அவையும் முற்றிலும் பொய்யல்ல. அடைப்பு பழுதுபட்டுக் கசியுமானால், கசிந்த நீர் உயரத்தின் கடுங்குளிரில் உறைந்து விமானத்தின் உடலோடு ஒட்டிக்கொண்டு, கீழிறங்குகையில் வெப்பம் பட்டுப் பெயர்ந்து விழும். 2018 ஜனவரியில் ஹரியானாவின் ஃபாசில்பூர் பாட்லி கிராமத்தில் விழுந்த பனிப்பாளத்தை, அபூர்வப் பொருளென்று கருதிச் சிலர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பத்திரப்படுத்தினார்கள். அது விமானக் கழிவாகவே இருக்க வேண்டுமென்று பின்னர் அதிகாரிகள் கருதினார்கள். 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கழிவை வானிலிருந்து விழவிடும் விமான நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கும்படி ஆணையிட்டிருந்தது.

கழிவை அகற்றும் விசையை அழுத்தியதும் எழும் பேரோசை கேட்டு, உட்கார்ந்திருப்பவரையே உள்ளிழுத்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. உள்ளே உள்ள காற்றழுத்தத்துக்கும் வெளியே உள்ள மெல்லிய காற்றின் அழுத்தத்துக்கும் இடையிலான பேதமே அவ்வோசைக்குக் காரணம். வீட்டில் பல லிட்டர் நீர் செலவாகும் காரியத்தை ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில் முடிப்பதும் அதுவே. கழிப்பறைக் கிண்ணத்தின் அடைப்பு திறப்பது சில விநாடிகள்தாம்; ஆகவே அந்த அச்சம் வீண்.

கழிப்பறை இருக்கையில் அமர்ந்தால் நோய் தொற்றும் என்று நடுங்குகிற பிரயாணி, கை கழுவுமுன் எல்லோரும் தொடுகிற தாழ்ப்பாளைப் பொருட்படுத்துவதில்லை. வயிற்று நோய்க் கிருமிகளோ பெரும்பாலும் கையின் வழியாகவே வாய்க்குச் செல்கின்றன. பெரிய விமான நிலையங்களில் கழிப்பறை வாசலுக்குக் கதவே வைக்காமல், வளைந்து செல்லும் சுவரால் மறைவு உண்டாக்கியிருப்பது, கழுவிய கையால் மறுபடியும் ஒரு கைப்பிடியைத் தொட நேரக்கூடாது என்பதற்காகவும்தான். விமானத்துக் குழாய் நீர் கை கழுவுவதற்கு உரியது. குழந்தைக்குப் பால் கலக்க அதை எடுக்கலாகாது.

இனி, யாரும் அஞ்சாத, ஆனால் அஞ்ச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். புகைபிடிப்பது அறவே தடை செய்யப்பட்ட விமானத்திலும் கழிப்பறைக் கதவில் ஒரு சாம்பல் கிண்ணம் இருப்பதைக் கண்டு, பழைய காலத்து மிச்சம் என்று சிலரும், ரகசிய அனுமதி என்று சிலரும் எண்ணுகிறார்கள். இரண்டும் பிழை. புத்தம்புதிய விமானத்திலும் விதிப்படி அது இருந்தாக வேண்டும். 1973 ஜூலை 11 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற வாரிக் நிறுவனத்து விமானத்தின் பின்புறக் கழிப்பறையில் மூண்ட தீயினால் 123 பேர் மாண்டார்கள். காகிதக் குப்பையில் எறியப்பட்ட சிகரெட் துண்டே காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. பட்டாசு ஆலையில் மருந்து அறைப் பக்கம் பீடியும் தீப்பெட்டியும் கூடாதென்று தடுத்த பிறகும், வாசலில் மணல் வாளியையும் தண்ணீரையும் எடுத்துவிடாமல் வைத்திருக்கிற நம்மவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை: விதியை மீறுகிறவன் ஒருவன் வந்தே தீருவான்; அவன் கையிலிருக்கும் நெருப்பு காகிதத்தில் விழாமல் உலோகத்தில் விழ வேண்டும்.

1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா விமானமொன்றின் கழிப்பறைப் பகுதியில் தோன்றிய தீ, விமானம் சின்சினாட்டியில் தரையிறங்கியபின் 46 பேரில் 23 பேரைப் பலிகொண்டது. மூலம் இன்னதென்று நிச்சயிக்க முடியாத அந்தத் தீக்குப் பிறகே, கழிப்பறைகளில் புகையறி கருவியும், குப்பைத் தொட்டிக்குள் தானாகவே பீய்ச்சும் தீயணைப்பானும் கட்டாயமாயின. புகையறி கருவியைத் துணியால் மூடுகிறவன் விமானத்திலுள்ள அத்தனை பேருடைய உயிரோடும் விளையாடுகிறான். குப்பைத் தொட்டியின் வில்மூடியும் தீயைக் காற்றின்றி உள்ளேயே அடக்குவதற்காக அமைந்ததே. காகிதம் சிக்கி அது பிளந்து நின்றால் பயனில்லை. ஆகவே கை துடைத்த காகிதத்தை முழுதும் உள்ளே தள்ளி, மூடி பொருந்தியதா என்று பார்த்துவிட்டே வெளியே வர வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்தால் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும்.