விளையாட்டு நாள் விருந்து

செஞ்சிக் கோட்டையுள் இராசகிரியின் அடிவாரத்தே, தடித்த சுவரும் வளைந்த கூரையும் உடைய நெற்களஞ்சியம் உளது. உடற்பயிற்சிக் கூடம் எனப் பெயர் பெற்ற கட்டடம் ஒன்றும் அப்பகுதியிலேயே நிற்கின்றது. கோட்டையைக் காணச் செல்வோர் பலர் இவ்விரண்டையும் கருதுவதில்லை. கல்யாண மகாலின் அடுக்குகளையே அண்ணாந்து நோக்கிச் செல்வர். ஆயினும் அக்கோட்டையைக் காத்தவை மதிலும் மலையும் மட்டுமல்ல. ஔரங்கசீப்பின் படைத்தலைவனாகிய சுல்பிகார்கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினான். 1698-இல்தான் கோட்டை அவன் கைப்பட்டது. இடையே மராட்டியக் குதிரைப் படையினர் தானியம் வரும் வழிகளை அடைத்தனர். அதனால் முற்றுகையிட்டிருந்த படையே பசியால் நலிந்து, 1693-இன் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. பெருந்திரளுக்கு உணவளித்தல் எளிய வினையன்று.

அவ்வரிய வினையை இன்று அமைதியும் மகிழ்ச்சியும் பொங்கச் செய்யும் நாள் ஒன்றுண்டு. தைத் திங்கள் மூன்றாம் நாளாகிய காணும் பொங்கலே அது. அந்நாளிற் கோட்டையைக் காண மக்கள் குடும்பம் குடும்பமாக வருவர். சுற்றியுள்ள சிற்றூர்த் திடல்களில் சடுகுடுவும் கயிறிழுத்தலும் உறியடியும் நிகழும். சடுகுடு தமிழ்நாட்டின் மாநில விளையாட்டாகும். கபடி என்னும் பெயரால் 1990-இல் பெய்சிங்கு நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அஃது இடம் பெற்றது. ஆடுவோர் சிலரே, காண்போரோ நூற்றுக்கணக்கினர். அவர்கள் அனைவரும் நண்பகலிற் பசித்திருப்பர்.

இலையிட்டுப் பந்தி வைத்தல் நம் பழைய வழக்கம். திருமணத்திற்கு அது தகும். விளையாட்டு நாளுக்குத் தகாது. முதற் பந்தியில் அமர்ந்தோர்க்கு எல்லாம் கிடைக்கும். கடைப் பந்தியினர்க்குக் குழம்பின் அடிவண்டலே எஞ்சும். அக்கடைப் பந்தியில் அமர்வோர் யாவர்? விடியற்காலை முதல் அடுப்படியில் நின்ற தாய்மாரும் பெண்மக்களுமே ஆவர். திடலில் எழும் ஆரவாரத்தைக் காதாற் கேட்பதன்றி, ஆட்டத்தைக் கண்ணாற் காணும் பேறு அவர்கட்கு இல்லை. ஆட்டம் முடிந்த பின்னர், “யார் வென்றார்?” என்று வினவும் நிலையிலேயே அவர்கள் இருப்பர். இஃது எவ்வாற்றானும் முறையன்று. சமைத்தவரும் திடலில் அமர்ந்து ஆட்டத்தைக் காணுமாறு அமைந்த உணவே விளையாட்டு நாளுக்கு ஏற்ற உணவு என்க. அமெரிக்க நாட்டினரும் தம் கால்பந்து இறுதிப் போட்டியன்று வறுத்த கோழிச் சிறகு முதலியவற்றைக் கையிலெடுத்து உண்டவாறே ஆட்டத்தைக் காண்பர். உண்பொருள் வேறாயினும் கருத்து ஒன்றே.

அத்தகைய உணவுகளுள் தலையாயது புளிச்சோறு. புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சளும் கூட்டி, கடுகும் மிளகாயும் கடலைப்பருப்பும் பெருங்காயமும் தாளித்த நல்லெண்ணெயில் ஊற்றிக் காய்ச்சுதல் வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்குங்கால் பதம் என அறியலாம். பின்னர் வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும் தூவி இறக்குவர். இப்புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வைத்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு. மறுநாட் காலையில் பழைய அரிசியை உதிர உதிர வடித்து, அகன்ற தாம்பாளத்திற் பரப்பி ஆறவிட்டுக் கலத்தலே எஞ்சிய வேலை. நூறு பேர்க்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி போதும். புளியின் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து சோறு விரைவிற் கெடாமற் காக்கும். கட்டுச்சோற்றுக்கு நம் முன்னோர் இதனையே நாடிய காரணம் அதுவே.

தயிர்ச்சோற்றில் ஒரு நுட்பம் உண்டு. காலையிலேயே தயிரை நிரம்ப ஊற்றிப் பிசைந்தால் நண்பகலில் வாயில் வைக்க இயலாதவாறு புளித்துவிடும். காய்ச்சி ஆறிய பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் கலந்து வைத்தால், உண்ணும் வேளைக்குத் தானே பதமாகத் தோய்ந்திருக்கும்.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்தல் வேண்டும். நூறு பேர்க்கு ஐந்து கிலோ எடுத்தால், ஊறி வெந்தபின் அஃது இருமடங்குக்கு மேற் பெருகி, ஆளுக்கு ஒரு தொன்னை நிறையக் கிடைக்கும். தேங்காய்த் துருவலை மட்டும் பரிமாறும் பொழுதே சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் வெயிலில் ஊசிப்போகும். காரப்பொரியும் அவ்வாறே, வெங்காயம் கலந்து நெடும்பொழுது வைத்தால் நமுத்துவிடும்.

செஞ்சிப் பகுதியில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்னும் பெயரும் உண்டு. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், பிலிப்பைன் தீவின் தலைநகர்ப் பெயரைத் தாங்கி நம் புன்செய்களில் வேரூன்றியது வியப்பன்றோ! உப்பிட்டு அவித்த மல்லாட்டையைக் கூடையில் வைத்துவிட்டாற் போதும். பரிமாறுவோர் வேண்டா, உரிப்பவர் தாமே உரித்து உண்பர். சிறுவர்க்கு இதனினும் உவப்பானது பிறிதில்லை.

சிலர் இறைச்சிக் குழம்பும் விரும்புவர். ஆனால் அதனைச் சுடச்சுடப் பரிமாறல் வேண்டும். அதற்கென ஒருவர் அடுப்பருகே நின்றாக வேண்டும். ஆதலின் அதனை இராப்பொழுதிற்கு ஒதுக்கிக்கொள்வதே நன்று.

ஆடுவோர்க்கு உணவு முறை வேறு. வயிறு நிரம்ப உண்டு களமிறங்குவோன் மூச்சடக்கிப் பாடிச் செல்ல மாட்டான். அவனுக்கு ஆட்டத்திற்கு முன் சிறிது பானகமும், இடைவேளையில் உப்பும் இஞ்சியும் இட்ட நீர்மோரும் போதும். சோறு ஆட்டம் முடிந்த பின்னரே. ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் சேர்த்துக் கடைந்த மோரே வியர்த்தவனுக்கு ஏற்றது. கெட்டியான மோர் விடாயைத் தணியாது.

உணவை இலைத் தொன்னைகளில் இட்டு வரிசையாக வைத்துவிட்டால், முதற் பந்தி கடைப் பந்தி என்னும் வேற்றுமைக்கே இடமில்லை. பாடி வென்ற இளைஞனும் பானை சுமந்த பாட்டியும் ஒரே அளவு பெறுவர். உண்டபின் தொன்னைகள் ஆடுமாடுகளுக்கு ஆகும். கோட்டைப் பக்கம் செல்வோர் மட்டும் பையின் வாயை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்குள்ள குரங்குகள் அழைப்பின்றியே விருந்துக்கு வருவன. அவற்றுக்கும் மல்லாட்டை என்றாற் கொள்ளை விருப்பம்.