ஹெந்தளையின் பழைய ஏடுகள்

இடம்பெயர்ந்தபோது உங்கள் பத்திரங்கள் தொலைந்திருக்கலாம். ஊரின் ஏடுகளில் உங்கள் பெயர் இன்னும் இருக்கக்கூடும்.

ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708 இல் தொழுநோய் வைத்தியசாலையைக் கட்டி முடித்தார்கள். ஹமில்டன் கால்வாய் 1804 இல் முடிந்தது. (பலர் அதை ஒல்லாந்தர் கால்வாய் என்பார்கள்; வெட்டுவித்தவர் ஆங்கிலேயர்.) ஒல்லாந்தர் காலத்தில் பாடசாலை தோறும் ஞானஸ்நானமும் திருமணமும் தோம்புகளில் பதியப்பட்டன. எஞ்சியவை கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன.

பிறப்பைப் பதியும் அரசாங்க முறை ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. அதற்குப் பிறகும் பதியாமல் விடுபட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பங்குக் கோயிலில் ஞானஸ்நான ஏட்டின் பிரதியைக் கேளுங்கள். அது பிறப்புச் சான்றிதழ் ஆகாது. ஆனால் காலங்கடந்த பதிவுக்கோ அனுமான வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கும்போது சான்றாகக் காட்டலாம். சைவக் குடும்பங்கள் பாடசாலைச் சேர்விடாப்பைத் தேடுங்கள். பின்னர் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைச் சந்தியுங்கள்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி வேறு மொழியில் எழுதியிருப்பார்கள். பெயர் பொருந்தாவிட்டால் உடனே திரும்பிவிடாமல், தாய் தந்தையர் பெயரையும் ஆண்டையும் வைத்துப் பாருங்கள்.