நகரமா, மலையடிவாரமா?

குன்றும் நகரமும்

இமயமலைக்குத் தெற்கே சிவாலிக் குன்றுகள் நீண்டு கிடக்கின்றன. இவை அதிக உயரம் இல்லாதவை. மண்ணும் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்த குன்றுகள் இவை. மரமும் புல்லும் இல்லாவிட்டால் மழையில் எளிதில் கரைந்துவிடும். மழைக்காலத்தில் இங்கிருந்து காட்டாறுகள் இறங்கி வரும். மற்ற நாட்களில் அவை காய்ந்து கிடக்கும். அந்தப் பகுதி மக்கள் இந்தக் காட்டாற்றைச் 'சோ' என்று அழைக்கிறார்கள்.

இந்தக் குன்றுகளின் பக்கத்தில் சண்டிகர் நகரம் இருக்கிறது. பஞ்சாப், அரியானா என்ற இரண்டு மாநிலங்களுக்கும் இதுதான் தலைநகரம். 1950களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் இது. இங்கே பஞ்சாப் பல்கலைக்கழகம் உள்ளது. பொறியியல் கல்லூரி உள்ளது. பெண்களுக்கென்று அரசுக் கல்லூரிகள் உள்ளன. 1962இல் தொடங்கிய பெரிய மருத்துவ நிலையம் உள்ளது. பல மாநிலங்களிலிருந்து நோயாளிகள் இங்கே வருகிறார்கள்.

நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூர் உள்ளது. அது அரியானா மாநிலத்தைச் சேர்ந்தது. மாடு மேய்ப்பதும் பயிர் செய்வதும் அந்த ஊர் மக்களின் தொழில்.

ஒரு பக்கம் கல்லூரிகள் நிறைந்த நகரம். மறுபக்கம் மலையடிவாரச் சிற்றூர். இரண்டுக்கும் நடுவே நின்று, "எங்கே வாழ்வது?" என்று கேட்கும் குடும்பங்கள் பல. இந்தக் கேள்விக்கு எப்படி விடை காண்பது?

ஏரியில் சேர்ந்த மண்

1958இல் சுக்னா என்ற சோவின் குறுக்கே அணை கட்டினார்கள். சண்டிகர் நகரத்துக்கு அழகான ஏரி கிடைத்தது. மக்கள் மாலையில் அங்கே உலாவினார்கள். ஆனால் மழைக்கு மழை ஏரியில் மண் வந்து படிந்தது. ஏரியின் ஆழம் குறைந்துகொண்டே போனது.

இந்த மண் எங்கிருந்து வந்தது? மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் தேடிப் போனார்கள். பி.ஆர். மிஸ்ரா என்ற அறிவியலார் இந்த வேலைக்குத் தலைமை தாங்கினார். மண்ணின் தடம் மலையடிவாரத்துக்குப் போனது. சுகோமாஜ்ரியைச் சுற்றிய குன்றுகள் மொட்டையாக இருந்தன. மரங்கள் விறகுக்காக வெட்டப்பட்டிருந்தன. ஆடுகளும் மாடுகளும் புல்லை வேரோடு மேய்ந்திருந்தன. மழை பெய்ததும் மண் கரைந்து ஓடியது.

ஊர் மக்கள் வேண்டுமென்றா இப்படிச் செய்தார்கள்? இல்லை. அவர்களிடம் இருந்த நிலம் கொஞ்சம். அதுவும் மழையை நம்பிய நிலம். மழை தவறினால் கோதுமை கருகும். அப்போது ஆடுதான் சோறு போடும். ஆட்டுக்குக் குன்றுதான் தீனி போடும். வேறு வழி இல்லாமல்தான் குன்றை அழித்தார்கள்.

எல்லோருக்கும் ஒரு பங்கு

1976இல் சுகோமாஜ்ரியில் முதல் மண் அணை கட்டப்பட்டது. மண் ஓடாமல் தடுப்பதுதான் அதன் நோக்கம். ஆனால் அணையில் தண்ணீரும் தேங்கியது. அந்தத் தண்ணீரை வயலுக்கு விட்டால் பயிர் பிழைக்கும் என்று உழவர்கள் கண்டார்கள். தண்ணீர் பாய்ந்தது. விளைச்சல் கூடியது.

உடனே ஒரு சிக்கல் வந்தது. அணைக்குக் கீழே நிலம் உள்ளவர்களுக்குத்தான் தண்ணீர் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. "தண்ணீர் அவர்களுக்கு. குன்றில் ஆடு மேய்க்கக் கூடாது என்பது மட்டும் எங்களுக்கா?" இதுதான் மற்றவர்களின் மனக்குறை. அந்தக் குறை நியாயமானது.

ஊர் கூடிப் பேசியது. ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரில் சமபங்கு. நிலம் இருந்தாலும் பங்கு உண்டு. நிலம் இல்லாவிட்டாலும் பங்கு உண்டு. நிலம் இல்லாதவர் தம் பங்கை மற்றவருக்குக் கொடுத்துப் பணம் பெறலாம்.

பங்கு கிடைத்ததும் குன்றைக் காக்க எல்லோரும் முன்வந்தார்கள். அதற்காக ஒரு சங்கமும் அமைத்தார்கள். குன்றைச் சுற்றி முள்வேலி போடவில்லை. ஊர் மக்களின் கட்டுப்பாடே வேலியாக இருந்தது. ஆடுகள் குறைந்தன. கொட்டிலில் கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகின. பால் விற்றுப் பணம் வந்தது. குன்றில் பாபர் என்னும் ஒருவகைப் புல் செழித்தது. அது கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் உதவும். அதை விற்ற பணம் சங்கத்துக்கு வந்தது. நகரத்து ஏரிக்கு ஓடிய மண்ணும் குறைந்தது.

இந்த நிலை எப்போதும் அப்படியே இருக்கவில்லை. ஆண்டுகள் போகப்போக அணைகளிலும் மண் சேர்ந்தது. பராமரிப்பு குறைந்தது. சங்கத்தின் வேகமும் குறைந்தது. ஊரை ஒருமுறை சீராக்கினால் மட்டும் போதாது. தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரலாறு நமக்கு ஒன்றைச் சொல்கிறது. ஊர் பெரியதா, சிறியதா என்பது முதல் கேள்வி அல்ல. "அந்த ஊரில் எங்கள் வீட்டுக்கு என்ன பங்கு?" என்பதே முதல் கேள்வி. நகரத்தில் நூறு கல்லூரி இருக்கலாம். அதில் உன் மகளுக்கு ஓர் இடம் கிடைக்குமா? கிராமத்தில் அணை நிறையத் தண்ணீர் இருக்கலாம். அதில் உன் வயலுக்கு ஒரு முறைப் பாய்ச்சல் உண்டா?

ஒரு குடும்பம் யோசிக்கிறது

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சிவாலிக் அடிவாரத்தில் அவர்கள் வீடு. கணவன், மனைவி, கணவனின் தாய். மகள் எட்டாம் வகுப்பு. மகன் நான்காம் வகுப்பு. கொஞ்சம் நிலம், இரண்டு எருமை. ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி உண்டு.

கணவனுக்கு நகரத்துக்குப் போக ஆசை. கட்டட வேலை கிடைக்கும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.

"நிலத்தைக் குடு, எருமையை வில்லு, எல்லோரும் போய்விடலாம் அம்மா" என்றான் அவன்.

"பேட்டா, நான் வரவில்லை" என்றாள் தாய். பேட்டா என்றால் மகனே என்று பொருள். "ஒற்றை அறையில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வேன்? நீங்கள் போங்கள்."

மனைவி அதுவரை பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "அங்கே தண்ணீர் எங்கே பிடிக்க வேண்டும்? வாடகை எவ்வளவு? யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

யாரும் பார்க்கவில்லை.

அப்போது மகள் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் 'ஊர்' என்று எழுதினாள். மறுபக்கம் 'நகரம்' என்று எழுதினாள். "ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் அப்பா, நான் எழுதுகிறேன்" என்றாள்.

கூலி என்று சொன்னபோது நகரத்தின் பக்கம் கனத்தது. வாடகை, விறகு, பால், பஸ் என்று எழுதியபோது அந்தக் கனம் குறைந்தது. ஊரில் பாலுக்குக் காசு இல்லை. வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் 'ஒன்பதாம் வகுப்பு' என்று எழுதியபோது ஊரின் பக்கம் காலியாகவே இருந்தது. மகள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் எல்லோரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் சேர்ந்து நகரத்துக்குப் போனார்கள். இரண்டு நாள் தங்கினார்கள். வாடகை கேட்டார்கள். தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் பஸ் நிறுத்தம் உள்ள பெரிய ஊரில் இறங்கினார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி இருந்தது. தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினார்கள்.

கடைசியில் இப்படி முடிவு செய்தார்கள். மகள் ஓர் ஆண்டு பஸ்ஸில் போய்ப் படிப்பாள். அறுவடை முடிந்த மாதங்களில் கணவன் மட்டும் நகரத்தில் வேலை செய்வான். நிலத்தை விற்பதில்லை. ஓர் ஆண்டு கழித்து அதே நோட்டை எடுத்து மறுபடியும் கணக்குப் பார்ப்பது. அந்தத் தேதியையும் மகள் நோட்டில் எழுதி வைத்தாள்.

முடிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

1. படிப்பு: குழந்தை இப்போது எந்த வகுப்பு? அடுத்த வகுப்புக்குப் பள்ளி எங்கே? பெண் குழந்தை பயமின்றிப் போய் வர முடியுமா?

2. தண்ணீர்: எங்கே, எத்தனை மணிக்குக் கிடைக்கும்? யார் பிடிப்பது?

3. வருமானம்: ஆண்டு முழுவதும் வேலை உண்டா? வாடகையும் பஸ் செலவும் போக மிச்சம் எவ்வளவு?

4. நோய் வந்தால்: பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் எங்கே போவது? எவ்வளவு நேரம் ஆகும்?

5. பெரியவர்கள்: அவர்களை யார் பார்த்துக்கொள்வது? அவர்களுடைய விருப்பம் என்ன?

6. துணை: கஷ்டம் வந்தால் கதவைத் தட்ட அக்கம்பக்கம் உண்டா?

இவற்றை வீட்டுத் தலைவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. பெண்களையும் கேட்க வேண்டும். பிள்ளைகளையும் கேட்க வேண்டும். தண்ணீர் சுமப்பவருக்குத்தான் தண்ணீரின் தூரம் தெரியும். பள்ளிக்கு நடப்பவருக்குத்தான் பாதையின் பயம் தெரியும்.

போவதாக இருந்தால்

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உண்டு. இதற்கான சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

தடுப்பூசி அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ரேஷன் பொருள் எப்படிக் கிடைக்கும் என்று போகும் ஊரில் முன்பே விசாரியுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 தர வேண்டும்.

நிலத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள். குத்தகைக்கு விட்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எவ்வளவு நிலம், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இருப்பதாக இருந்தால்

ஊரில் இருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. கிராம சபைக்குப் போங்கள். குடிநீர், பாதை, பள்ளி, பஸ் பற்றிக் கேளுங்கள். மனுவாக எழுதிக் கொடுங்கள். பொதுக் குளமும் பொதுக் காடும் எல்லோருடையவை. அவற்றில் ஏழை வீட்டுக்கும் பங்கு உண்டா என்று பாருங்கள். பங்கு இருந்தால்தான் காக்கும் கைகள் இருக்கும். காக்கும் கைகள் இருந்தால்தான் ஊர் நிலைக்கும்.

தெரிந்துகொள்ளுங்கள்

காட்டாறு: மழை பெய்யும்போது மட்டும் வேகமாக ஓடும் ஆறு.
கொட்டில்: மாடு கட்டும் இடம்.
குத்தகை: பணமோ விளைச்சலோ பெற்றுக்கொண்டு நிலத்தைப் பிறருக்குப் பயிரிட விடுவது.
மனு: வேண்டுகோளை எழுதித் தரும் தாள்.

கலந்து பேசுங்கள்

1. சுக்னா ஏரியில் மண் சேர்ந்தது ஏன்?
2. நிலம் இல்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு கொடுத்தது சரியா? உங்கள் கருத்து என்ன?
3. அந்தக் குடும்பம் எடுத்த முடிவு சரியா? மகளின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?
4. உங்கள் ஊரை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்? திரும்பி வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்?

எழுதிப் பழகுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்கள் ஊரின் பெயரை எழுதுங்கள். மறுபக்கம் நீங்கள் போக நினைக்கும் ஊரின் பெயரை எழுதுங்கள். மேலே உள்ள ஆறு கேள்விகளுக்கும் இரண்டு பக்கமும் விடை எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். காலியான இடங்களை விசாரித்து வந்து நிரப்புங்கள். அதுவரை எந்த முடிவும் செய்ய வேண்டாம்.