ஓலையில் துளை போடாதே

ஆத்தா,

நீ கூரியரில் அனுப்பிய பை வந்து பதினோரு நாளாகிறது. பெட்டியைப் பிரித்ததும் மோந்துதான் பார்த்தேன். பனையோலை வாசம் இல்லை, பெயிண்டுக் கடை வாசம். பாதிக் கோபம் அப்போதே வந்துவிட்டது.

கோபம் இருக்கட்டும், பின்னலைச் சொல்கிறேன். சதுர அடியிலிருந்து எழும்பி வாய் வட்டமாகத் திரும்புகிற இடத்தில் ஓர் ஓலைகூடப் பிசகவில்லை. ஐம்பது வருஷம் கொட்டான் கூடையோடு கிடந்தவள் நான். அந்தத் திருப்பத்தில் தடுமாறாமல் முடித்தவை கொஞ்சம்தான். மூன்று தடவை கவிழ்த்துப் பார்த்தும் குறை கிடைக்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளே கண்டாங்கித் துணியை வைத்துத் தைத்ததும் பழுதில்லை.

ஆனால் அந்தத் தோல் பிடி! ஓலையில் துளை போட்டு ரிவிட் அடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவது. மடக்கினால் தாங்கும், குத்தினால் குத்தின இடத்திலிருந்து பிளக்கும். போன், சாவி, தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்டுத் தோளில் மாட்டினால் அத்தனை கனமும் நாலு துளையில் தொங்கும். பைக்குள் ஒரு தேங்காயைப் போட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டிவைத்தேன். ஆறாம் நாள் இடப்பக்க ரிவிட்டுக்குக் கீழே கீறல் விட்டுவிட்டது.

என் ஆயா கானாடுகாத்தான் வீட்டு இரண்டாங்கட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஈரத்துணியில் சுற்றிய ஓலையோடு உட்காருவாள். கொட்டானுக்கு அலங்காரம் வேண்டுமானால் நூலில் கொக்கி ஊசியால் ஒரு சட்டை பின்னி, பாசிமணி கோத்து, மேலே மாட்டிவிடுவாள். அழுக்கானால் சட்டையை மட்டும் கழற்றித் துவைப்பாள். உன் பிடியை அப்படி ஒரு சட்டையில் கோத்துப் பார். அடியையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி பின்னிவிட்டால் கனம் நூலுக்குப் போய்விடும்.

கல்யாண வீட்டில் சாமான் பரப்பும்போது பித்தளைக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஆயாவின் கொட்டான்கள் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். பிறகு ஒயர் கூடை வந்தது. ஊரைக் குறை சொல்வானேன், நானும்தான் போட்டேன், பதினெட்டுக் கூடை. தண்ணீர் பட்டாலும் கவலையில்லை என்று பீற்றிக்கொண்டேன். ஆயா கொட்டான்கள் பரணில் கிடந்து எலிக்கு வீடாயின. 2000த்தில் விசாலாட்சி ராமசாமி எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளையைத் தொடங்கி, பழைய கைகளைத் தேடிப் பிடித்து, கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்த பிறகுதான் என் போன்றவர்களுக்குப் புத்தி வந்தது.

2013இல் ‘செட்டிநாடு கொட்டான்’ என்றே புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. நீயோ பையின் சீட்டில் ‘கொட்டான் பாணி’ என்று அச்சடித்திருக்கிறாய். என்ன பாணி? ஓலை கையால் பின்னியது, பின்னினது இந்த மண்ணில். கொட்டான் என்று சொல்ல என்ன வெட்கம்?

நீ பூசிய வார்னிஷுக்கு வருகிறேன். மார்கழிப் பனியில் ஓலை தளரும், சித்திரையில் இறுகும். அதோடு சேர்ந்து வளையத் தெரியாத பூச்சு மடிப்புக்கு மடிப்பு வெடித்துத் தூளாக உதிரும். யாருடைய கறுப்புச் சேலையிலாவது ஒட்டும். பளபளப்பு வேண்டுமென்றால் நல்ல குருத்தோலையாகப் பார்த்து எடு. அழுக்கை ஈரத்துணியால் துடைத்து நிழலில் வை, போதும். உங்கள் சென்னை ஏசி அறையில் ஓலை வறண்டு முறுகும் என்பது தெரியும். அதற்கும் அந்த ஈரத்துணிதான்.

தை பிறந்ததும் கிளம்பி வா. ஓலை வாங்கிவைக்கிறேன். வார்ந்து கிழிப்பது மட்டும் உன் வேலை. என் கட்டைவிரல் இப்போது கத்தியைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. தேங்காய் இன்னும் கொண்டியில்தான் தொங்குகிறது. கீறல் எங்கே நிற்கிறது என்று நீயே வந்து பார்.

இப்படிக்கு,
காரைக்குடி ஆச்சி