புல் வெட்டுமுன் நிலத்தைப் பாருங்கள்



"புல் வெட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்தும்போது கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு நடைமுறைகள் இரண்டு தருக" என வினா வந்தால், உங்களில் பலர் "கையுறை அணிதல், சப்பாத்து அணிதல்" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். விடை பிழையன்று. ஆனால் இரணைமடுப் பக்கத்தில் வாழ்பவருக்கு அது போதாது.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தைச் சூழவுள்ள வாய்க்கால் ஓரங்களும் வளவுகளும் மாரி மழையின் பின் புல் மண்டிவிடும். 2009 வரை யுத்தம் நடந்த நிலம் இது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச சமவாயத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. ஆயினும் வெடிக்காத எறிகணைகள் புல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்திருக்கலாம். 2018 டிசெம்பரில் ஏற்பட்டது போன்ற பெருவெள்ளம் அவற்றை இடம்மாற்றவும் கூடும்.

எனவே இயந்திரத்தை இயக்குமுன் காணி துப்புரவாக்கப்பட்டதா எனப் பெரியோரிடம் கேளுங்கள். மண்டையோட்டுப் பலகை நாட்டிய இடத்துக்குள் மாடு போனாலும் நீங்கள் போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், தடியாலும் தட்டிப் பார்க்காதீர்கள். அவ்விடத்திலேயே நின்று மற்றவர்களை எச்சரியுங்கள். வந்த அடிச்சுவடு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதன் வழியே திரும்பி வந்து 119 இற்கு அறிவியுங்கள். வெட்டிய புல்லைக் குவித்துக் கொளுத்துவது நம்மவர் வழக்கம். மண்ணுக்குக் கீழே வெடிபொருள் இருந்தால் அந்தச் சூடே அதை வெடிக்கச் செய்யலாம். இதை விடையில் எழுதுவோர் மிகச் சிலரே.

இனி இயந்திரம். அதன் அலகு, தங்கூசியாயினும் தகடாயினும், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் சுழலும். அதில் பட்ட சிறு கல் கண்ணைக் குருடாக்கப் போதும். ஆகவே கல், கம்பி, போத்தலோடுகளை முதலில் பொறுக்குங்கள். கண்காப்பு, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து அணியுங்கள். வேடிக்கை பார்ப்போரை 15 மீற்றருக்கு அப்பால் நிறுத்துங்கள். அலகில் புல் சிக்கினால் இயந்திரத்தை நிறுத்தி, சுழற்சி முற்றாக நின்ற பின்னரே கை வையுங்கள். சூடு ஆறிய பின்னரே பெற்றோல் ஊற்ற வேண்டும்.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தை வெட்டவோ இறுகக் கட்டவோ கூடாது. கடியுண்டவரை நடக்கவிடாமல், உறுப்பை அசையாது வைத்து, 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள்.

பயிற்சி: வெட்டிய புல்லை எரிப்பதற்குப் பதிலாகக் கூட்டெரு தயாரிப்பதன் அனுகூலங்கள் இரண்டு தருக. அவற்றுள் ஒன்றேனும் பாதுகாப்புடன் தொடர்புடையதாக இருக்க வேண்டும்.